அருவிக்கு ஒரு சட்டை

எங்கள் வீட்டுச் செப்புக் குடத்துக்கு ஒருநாள் சட்டை போட்டுவிட்டேன். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, வயிற்றுப் பக்கம் தளர விட்டு, இரண்டு குண்டூசி குத்தி, கொல்லைக் குழாயடியில் உட்கார வைத்து, தலைவழியாக ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் குப்பை கொட்ட வந்த பக்கத்து வீட்டுக்காரி குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நனைந்த துணி குடத்தின் வயிற்றோடு ஒட்டிக்கொள்கிறதா, விலகி நிற்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. எல்லாம் என் மதினிக்காக.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அதற்கு முன்பே என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கல்யாணம் ஆனதும் அம்மா, இனிமேல் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, மதினி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்படியே கூப்பிட்டேன். ஆனால் 'நீ'யை மட்டும் நான் விடவில்லை. அவளும் 'ஏட்டி'யை விடவில்லை. நாங்கள் பேசுவதைக் கேட்கிறவர்களுக்கு யார் யாருக்கு என்ன முறை என்று விளங்காது. அண்ணன் துபாயில் இருக்கிறான். தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான்.

மதினிக்கு அருவிப் பைத்தியம். சாரல் விழ ஆரம்பித்தால் வீட்டில் கால் தரிக்காது. மலையை மேகம் மூடியதும் போன் வரும். "ஏட்டி, அஞ்சருவில தண்ணி விழுதாம். வெள்ளனக் கெளம்பி நில்லு." வெளியூர்க்காரர்களின் வேன்கள் வந்து சேருவதற்குள் நாங்கள் குளித்து, தலை துவட்டி, ரோட்டோரத்தில் சூடாக எதையாவது தின்றுவிட்டு வீடு திரும்பியிருப்போம். நான் ஓரத்தில் நின்று தலையை மட்டும் நீட்டுகிற ஆள். அவள் நேரே நடுவில் போய் முதுகைக் கொடுத்துவிட்டு நிற்பாள். பின்னால் நிற்கிற பெண்கள் "யம்மா, கொஞ்சம் தள்ளேன்" என்று கெஞ்ச வேண்டும்.

போன வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி வந்து, இடப்பக்கத்தை எடுத்துவிட்டார்கள். திருநெல்வேலியில் ஆபரேஷன், பிறகு மருந்து, கதிர்வீச்சு. சீசன் முழுக்க ஆஸ்பத்திரியிலேயே போயிற்று. ஆள் பிழைத்துக் கிடந்தால் போதும் என்றுதான் அப்போது இருந்தோம். அருவியைப் பற்றி யார் நினைத்தார்கள்? இந்த வருஷம் சாரல் தொடங்கியது. அவளுக்கு முடி வளர்ந்து காதை மூடியிருந்தது. பலமாக அடிக்கிற இடத்துக்குப் போகாமல் ஓரமாக நின்று குளித்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். ஆனால் போன் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கிளம்பிப் போனேன்.

"மதினி, அஞ்சருவில நல்லா விழுதாம். நாளைக்குப் போவமா?"

அவள் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நீ போயிட்டு வா."

"நீ?"

"எதப் போட்டுட்டுப் போவச் சொல்லுத? நைட்டி நனைஞ்சாலும் ஒட்டும், சுடிதார் நனைஞ்சாலும் ஒட்டும். கடையில வாங்குனது எது பட்டாலும் இடப்பக்கம் தீயா எரியுது. இனிமே அருவி எனக்கு இல்லட்டி. விடு."

கட்டி என்று தெரிந்த அன்றைக்குக்கூட, "சவத்த எடுத்துத் தூரப் போடச் சொல்லு" என்று டாக்டரம்மா முன்னாலேயே சொன்னவள் அவள். இப்போது அருவி விஷயத்தில் விடு என்கிறாளே என்று இருந்தது.

"நான் தச்சுத் தாரேன்" என்று வாயைக் கொடுத்தேன். "ஒட்டாம, உறுத்தாம. அருவிச் சட்டை."

"நீ தச்சதப் போட்டுக்கிட்டு யாரு அருவிக்குப் போனா?"

"நீதான் போவப்போற."

சிரித்தாள். சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் மறுபடி அருவிக்குள் போவாளா மாட்டாளா என்பது என் கத்தரிக்கோலில் வந்து நின்றுவிட்டது.

நான் ஊருக்குத் தைத்துக் கொடுக்கிறவள் இல்லை. எனக்கும் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் மதினிக்கும் மட்டும் தைப்பேன். பூச்சிமருந்து அடிக்காமல் விளைந்த பருத்தி, வெளுக்காத நூல், கைத்தறி நெசவு, இதிலெல்லாம் எனக்கு ஒரு கிறுக்கு. வெட்டுவதற்கு முன் துணியை ஊறவைத்துக் காயப்போட்டு, மறுபடி ஊறவைப்பேன். சுருங்குகிறதெல்லாம் இப்போதே சுருங்கித் தொலையட்டும் என்று. என் வாளியைப் பார்க்கும்போதெல்லாம் மதினி, "துணியா ஊறுது, பருத்திக்கொட்டையா? எந்த மாட்டுக்கு வைக்கப்போற?" என்று கேட்பாள்.

தென்காசியில் நான் துணி வாங்குகிற அண்ணாச்சி செங்கோட்டைப் பக்கத்துக்காரர். மடிப்பைப் பிரித்துத் துணியைத் தடவிவிட்டு, "கொள்ளாம்" என்று மலையாளத்துக்காரர் மாதிரி அவரே முதலில் மெச்சிக்கொள்வார். அவரிடம் போய், "அண்ணாச்சி, நனைஞ்சா ஒட்டாத துணி இருக்கா?" என்றேன்.

"துணின்னா ஒட்டத்தானம்மா செய்யும். யாருக்கு?"

"எனக்குத்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "மழைக்குன்னா கொடை வாங்கலாம்லா" என்றார்.

அவரிடம் இருந்த இயற்கைப் பருத்தி வகை எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அப்படித்தான் குடம் சட்டை போட்டுக்கொண்டது. மல் துணி போட்டதும் குடம் மானம் கெட்டுப்போயிற்று. அதன் நெளிவு சுளிவு எல்லாம் வெளியே தெரிந்தது. தடித்த கதர் ஒட்டவில்லை, ஆனால் தண்ணீரைக் குடித்துவிட்டு அரிசி மூட்டை மாதிரி கனத்தது. அதைப் போட்டுக்கொண்டு அருவியில் நின்றால் ஆளை இழுத்துக் கீழே உட்கார வைத்துவிடும். கடைசியில் துண்டுக்கு நெய்கிற துணி ஒன்று, மேலெல்லாம் குழிகுழியாக, தேன்கூடு மாதிரி. அதைக் கட்டித் தண்ணீர் ஊற்றினேன். குடத்தை விட்டு விலகியே நின்றது. அந்தக் குழிகளில் காற்று தங்குகிறதா, இல்லை நூலின் முறுக்கு செய்கிற வேலையா, எனக்குத் தெரியவில்லை. மறுபடி ஊற்றினேன். பக்கவாட்டில் ஊற்றினேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். துணி அசைந்து கொடுத்ததே தவிர ஒட்டவில்லை. அன்றைக்குச் சோறு பொங்க மறந்துபோய், வீட்டில் எல்லோரும் கடை இட்லி தின்றோம்.

துணி கிடைத்துவிட்டது, ஆனால் வெளுக்காத துணி நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும். கறுப்பாக்க வேண்டும், கடைச் சாயம் அவளுக்கு ஆகாது. கடுக்காயைத் தட்டி வேகவைத்து, அந்தச் சாற்றில் துணியை ஊறப்போட்டேன். மங்கல் மஞ்சளாக வந்தது. அதைத் துருப்பிடித்த ஆணியும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் முக்கினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் சாம்பலாகும், சாம்பல் கறுக்கும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. கடுக்காயும் துருவும் சந்தித்தால் ஏன் கறுக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் ஒழுங்காகப் படித்திருப்பேன். துணி மழையில் நனைந்த பாறையின் நிறத்துக்கு வந்ததும் எடுத்து அலசினேன். சாரல் நேரத்தில் வெளியே எதுவும் காயாது. முன்னறையில் கயிறு கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் குனிந்து குனிந்து நடக்க வைத்தேன்.

அடுத்தது வெட்டுவது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் பக்கத்தில் தைக்கக் கொடுக்கிற பெண்கள் உடம்பை அளக்க விடுவதில்லை. பொருத்தமாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். உடம்பு பெருத்தால் "ஒரு நூல் விடு", இளைத்தால் "ஒரு நூல் பிடி", அவ்வளவுதான் பேச்சு. மதினியின் அளவு ஜாக்கெட், ஒரு பச்சை, பல வருஷமாக என் அலமாரியில்தான் கிடக்கிறது. அதை வைத்துக் காகிதத்தில் பாதி உடம்புக்கு வரைந்தேன். துணியை இரண்டாக மடித்து, காகிதத்தை மேலே வைத்து, ஒரே வெட்டு. மடித்து வெட்டினால் வலது எப்படியோ இடதும் அப்படியே வந்துவிடும். கத்தரிக்கோல் பிடித்த நாளிலிருந்து என் கை அப்படித்தான் வெட்டுகிறது.

இடப்பக்கத்துக்கு என்ன வழி என்று யோசிக்காமல் இல்லை. உள்ளே ஒரு சின்னப் பை தைத்து, அதில் பஞ்சு வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும் என்று என் மூளைக்குப் பட்டது. சாதாரணப் பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொப்பென்று கீழே தொங்கியது. இலவம்பஞ்சைப் போட்டேன். வாளியில் அமுக்க அமுக்க மேலே வந்து மிதந்தது. எனக்கு ஒரே குஷி. பெரிய ஆராய்ச்சிக்காரி ஆகிவிட்ட மாதிரி, முழங்கால் வரைக்கும் சட்டை, கீழே தளர்ந்த கால்சட்டை என்று தைத்து முடித்து, மதினிக்குப் போன் போட்டேன்.

அவள் வந்தாள். சட்டையைத் தடவிப் பார்த்தாள். "மெத்துன்னு இருக்கு" என்றாள். என் குளியலறையில் போட்டுக்கொண்டு, தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. நான் கதவுக்கு வெளியே நின்று, "ஒட்டுதா, ஒட்டுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கதவைத் திறந்துகொண்டு சொட்டச் சொட்ட வெளியே வந்து நின்றாள். வலக்கையால் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"துணி ஒட்டல" என்றாள்.

"பாத்தியா."

"ஏட்டி, இத எந்த அளவு வச்சு வெட்டுன?"

நான் பெருமையோடு பச்சை ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினேன். அவள் ஈரக் கையால் அதை வாங்கி, பிரித்து, இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இது போட்டவ ஆபரேஷனுக்கு முந்தி உள்ளவ" என்றாள். "நீ அவளுக்குத் தச்சிருக்க. எனக்குத் தைக்கல."

ஜாக்கெட்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "பஞ்சு வைக்கச் சொல்லி நான் கேட்டனா? மொதல்ல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, யாரும் பாப்பாவளோன்னு. இப்பத் தண்ணிய ஊத்திக்கிட்டு நிக்கையிலதான் தெரியுது. பஞ்சு நழுவி வகுத்துக்கு வந்துருமோன்னு இதப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். அருவில ஒரு கை கம்பியப் பிடிக்கணும், ஒரு கை மூஞ்சியத் தொடைக்கணும். மூணாவது கைக்கு நான் எங்க போவ?"

சொல்லிவிட்டு அக்குள் பக்கம் தூக்கிக் காட்டினாள். என் பக்கத் தையல் ஓடிய இடத்தில் தோல் சிவந்து கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குடத்தை நனைத்தேன், பஞ்சை அமுக்கினேன், கடுக்காயை வேகவைத்தேன். அவள் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

"அழுதது போதும். கதவச் சாத்து" என்றாள் மதினி. "டேப்ப எடு."

அதுவரை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தும், கட்டு மாற்றும்போது வெளியே போய் நின்றுகொள்வேன். பயந்துகொண்டேதான் பார்த்தேன். ஆனால் பார்த்த பிறகு பயம் இல்லை. நடு நெஞ்சில் தொடங்கி அக்குளுக்கு அடியில் போய் முடிகிற தழும்பு. அந்தப் பக்கம் தட்டையாக, சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் இருந்த மாதிரிதான் இருந்தது. தோள் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. எனக்குக் கேள்விக்கு மேல் கேள்வியாக வந்தது.

"வலிக்கா?"

"இல்ல. மரத்துப்போயிருக்கு. நீ தொடுதது கண்ணால பாத்தாத்தான் தெரியுது."

"கண்ண மூடு."

மூடினாள். தழும்புக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். "எங்க தொடுதேன், சொல்லு."

"தொடுதியா?" என்று கேட்டாள்.

விரலை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். தோள்பட்டைக்குக் கீழே வந்ததும், "ஆங், இங்கன" என்றாள். அக்குளைத் தொட்டதும் கையைத் தட்டிவிட்டாள், அங்கே எரிச்சல். எங்கே மரத்திருக்கிறது, எங்கே எரிகிறது, எங்கே சாதாரணமாக இருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். அவளுக்கே அது சரியாகத் தெரிந்திருக்கவில்லை. நடுவில் கிச்சுக்கிச்சு வந்து சிரித்துவிட்டாள். "கூறுகெட்டவள, அளக்கச் சொன்னா நண்டு ஊருத மாதிரி ஊருதியே."

அளவு எடுத்தது போதாது என்று பழுப்புக் காகிதத்தை அவள் உடம்பின் மேலேயே ஒட்டிப் பிடித்து, பென்சிலால் கோடு போட்டேன். வலப்பக்கத்துக்கு ஒரு காகிதம், இடப்பக்கத்துக்கு ஒரு காகிதம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. வலப்பக்கத்தில் மார்புக்குப் பிடிக்கிற தையல் உண்டு, இடப்பக்கத்தில் அதற்கு வேலையே இல்லை. இடது தோள் சரிவாக இறங்கியது. பக்கத் தையலை எரிகிற இடத்திலிருந்து நகர்த்தி முதுகுப்பக்கம் கொண்டுபோனேன். பிறகு ஒன்று தோன்றியது. தையலின் பிசிறு எதற்காக உள்ளே இருக்க வேண்டும்? வெளியே இருந்தால் யார் அடிக்கப்போகிறார்கள்? எல்லாப் பிசிறையும் வெளிப்பக்கம் திருப்பி, மடித்துத் தைத்துவிட்டேன். உள்ளே கை வைத்தால் ஒரு நூல்கூடத் தட்டுப்படவில்லை.

வெட்டும்போதுதான் என் கை என்னோடு சண்டை போட்டது. துணியை விரித்துப் போடுவேன், காகிதத்தை எடுக்கத் திரும்புவேன், பார்த்தால் துணி இரண்டாக மடிந்திருக்கும். நான்தான் மடித்திருக்கிறேன், மடித்தது எனக்கே தெரியாது. கடைசியில் நான்கு மூலையிலும் அரிவாள்மணை, அம்மிக்குழவி என்று கனமாக எதையாவது தூக்கி வைத்து, ஒற்றைத் துணியாக வெட்டி, தைத்து, அவள் கையில் கொடுத்தேன்.

அடுத்த முறை தண்ணீர் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டதும் நான்தான் போன் செய்தேன். "பாப்போம்" என்றாள். விடிந்தும் விடியாமலும் ஆட்டோவோடு போய் அவள் வீட்டு வாசலில் நின்றேன். வருவாள் என்று எனக்கு நிச்சயம் இல்லை. கதவு திறந்தது. மேலே ஒரு பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு, கையில் எண்ணெய்க் கிண்ணம். "அப்படி என்ன அவசரம், தண்ணி ஓடியா போயிரும்?" என்றாள்.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் குறைவுதான். கல்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் எண்ணெய் தேய்த்தோம். அவள் எழுந்திருக்கவில்லை. குளிக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாரல் வந்து முகத்தில் அடித்தது. நான் வாயைத் திறக்கவில்லை, அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, நடந்து போய் ஓரத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே தலையைக் கொடுத்தாள்.

நான் துணியைத்தான் பார்த்தேன். நனைந்தது, கறுத்தது, அசைந்தது. ஒட்டவில்லை. இடப்பக்கம் தட்டையாகத்தான் தெரிந்தது. அதை மறைக்க அந்தச் சட்டையில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற பெண்களில் ஒருத்தியும் அவளைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது, அருவிக்கு அடியில் எல்லோருக்கும் கண் மூடியிருக்கும். திறந்து பார்க்க முடியாது. இத்தனை வருஷம் அங்கே குளித்தும் எனக்கு இது தோன்றவில்லை. வெளியே வரும்போது ஒரு அம்மாள் பார்த்தார். மதினியும் அவரைப் பார்த்தாள். பிறகு தலைமுடியைப் பிழிந்தாள். அந்த அம்மாள், "தண்ணி ரொம்ப அடிக்காம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"வலப்பக்கம் அடிக்கது தெரியுது. இடப்பக்கம் அடிக்கது காதுலதான் கேக்குது" என்றாள். குளிரில் பல் கிட்டியது. "இன்னொரு தரம் போயிட்டு வாரேன். நீ இங்கனயே இரி, துண்ட நனைச்சிராத."

அன்றைக்கு அவள் போய்ப் போய் வந்ததில் ஆட்டோக்காரர் எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

சீசன் முடிந்து, சுரண்டையில் அவள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. தென்காசிக்குப் போகிற வழியில் எங்கள் வாசல் கேட்டில் ஒரு துணிப்பையை மாட்டிவிட்டுப் போயிருந்தாள். புதுப்பட்டுக்கு ஜாக்கெட் துணி. அதற்குக் கீழே அருவிச் சட்டை, துவைத்து, காய்ந்து, ஒழுங்காக மடித்தபடி. எங்கேயாவது கிழிந்துவிட்டதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் ஒன்றும் இல்லை. போன் போட்டேன்.

"மதினி, சட்டை நல்லாத்தான இருக்கு. இத எதுக்கு வச்சிருக்க?"

பஸ் இரைச்சலில் முதலில் அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"அளவு கேப்பல்லா" என்றாள். "அந்தப் பச்சையத் தூரப் போடு. இனிமே அதுதான் என் அளவு."